அகப்பை

சசாஃப்ராஸ் ஏற்றத்தில்
மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்பு
எப்போதும் அதே இடத்தில்
அது இருமத் தொடங்கும்.
பிறகு ஒரு விக்கல்.
பிறகு ஆளுயர மரப்பன்னங்களின் நடுவே
சும்மா நிற்போம்,
நானும் எண்பத்தொன்றாம் ஆண்டு டாட்சனும்,
முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஹாரன்.

பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமும்,
வைத்தியர் வாசலை மிதித்ததும்
விட்டுப்போகும் பல்வலி மாதிரி.

பம்ப்தான் அக்கா, வேற என்ன, என்றான் தயாபரன்.
மாற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அடுத்த சனிக்கிழமை, அதே வளைவு.
அப்ப ரிலே, என்றான்.
அப்ப வடிகட்டி.
அப்ப வித்துப்போடு.

இரவு முழுக்க முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்தை
ஆய்வுகூடத்தில் சுழலவிட்டு வாசிப்பவள் நான்.
சோதிக்காமல் மருந்து எழுதும் டாக்டர்களைத்
தேநீர் இடைவேளையில் திட்டுபவள்.
என் சொந்தக் காருக்கு
ஐந்து மாதமாக
உதிரிப்பாகங்களை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அழுத்தமானி ஒன்று வாங்கினேன்.
எரிபொருள் குழாயில் மும்முனை இணைப்பு,
பானட்டுக்கு அடியிலிருந்து நீண்ட ஹோஸ்,
முன்கண்ணாடிக்கு வெளியே, என் கண்ணுக்கு நேரே,
டேப்பால் ஒட்டிய வட்ட முகம்.

காலை ஆறு மணி. பேஸ்வாட்டரில் முப்பத்தாறு.
பேசின் சந்தியில் முப்பத்தாறு.
ஏற்றம் தொடங்கியது.
முப்பத்தாறு.
யூகலிப்டஸ் பட்டைகள் தெருவெங்கும் உரிந்து கிடந்தன,
அதைப் பார்த்த நேரத்தில்
முப்பது.
முள் நடுங்கியது.
இருபத்திரண்டு.
ஒன்பது.

பின்னாலிருந்து பம்பின் கீச்சுக்குரல்:
பங்குனி வெயிலில் வற்றிய கிணற்றில்
வெறுங்காற்றை இறைக்கும் மோட்டாரின்
அதே குரல்.

கார் நின்றது. நான் சிரித்தேன்.
யூட்டில் வந்தவர் கண்ணாடியை இறக்கி
எல்லாம் சரியா என்றார்.
செத்துவிட்டது, என்றேன்,
அருமையாகச் செத்துவிட்டது.
அவர் வேகமாகப் போய்விட்டார்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள்.
சட்டியில் ஐம்பது லிட்டர் இருந்தது.

ஓக்லியில் இருக்கும் கோஸ்தாவுக்கு
அன்றைக்கே போன் எடுத்தேன்.
டேங்குக்கு எப்போதாவது ஏதாவது செய்தீர்களா?
மறுமுனையில் டிவி ஓடியது. யாரோ கோல் போட்டார்கள்.
தொண்ணூற்றெட்டில், என்றார் மெதுவாக,
துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தது,
உள்ளே ஒரு பூச்சு ஊற்றினேன்.
விற்கும்போது சொல்ல மறந்துபோச்சு.
அந்த மறதிக்கு
இரண்டாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

டேங்கை இறக்கி வடித்து
விளக்கடித்துப் பார்த்தேன்.
ஆறிய பாலின் ஏடு போல,
உள்ளங்கை அகலத்தில்,
பெயர்ந்து மிதந்த ஒரு தோல்.
ஓடும்போது உறிஞ்சுகுழாயின் வாயைப் பொத்துகிறது.
நின்றதும் கை தளர்ந்து
கீழே விழுகிறது.
அதற்குத்தான் பத்து நிமிடம்.

இடுக்கியால் எடுத்துப் பத்திரிகை மேல் உலர்த்தி
தயாபரனுக்குப் படம் அனுப்பினேன்.
நான் அப்பவே டேங்க் எண்டு சொன்னனே, என்று
பதில் வந்தது.

டேங்கைச் சுரண்டிக் கழுவிப் பூட்ட
மூன்று வாரம் ஆனது.
மூன்றாவது வளைவு வந்ததும்
கால் தானாகத் தளர்ந்தது.
கார் தளரவில்லை.
மரப்பன்னங்கள் ஜன்னலோரம் ஒருமுறை வந்து
போய்விட்டன.
ஒலிண்டா வரை போய், ஒரு காப்பி குடித்துவிட்டு,
என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

கராஜில், பழந்துணிக்குள்,
முதலில் கழற்றி எறிந்த பழைய பம்ப்.
பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு நொடிதான்.
சுழன்றது, சுத்தமாக,
எந்தப் புகாரும் இல்லாமல்.

துடைத்து
மேல்தட்டில் வைத்தேன்,
பெயின்ட் டப்பாக்களுக்கு முன்னால்.